தோற்ற குழந்தைக்கும் ஆட்டம் உண்டு

சென்ற மாதம் அண்டை வீட்டில் ஒரு குழந்தைக்கு நான்காவது ஆண்டு நிறைவு. பத்துக் குழந்தைகள் கூடியிருந்தார்கள். கூடத்தில் ஒன்பது நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பாட்டு நின்றதும் ஓடி உட்காரும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் தடவையிலேயே இடம் கிடைக்காமல் நின்றது யார் என்கிறீர்கள்? விழாவுக்கு உரிய குழந்தைதான்! "உன் ஆட்டம் முடிந்தது, அப்படிப் போய் உட்கார்" என்று ஒரு பெரியவர் சொன்னார். புதுச் சொக்காய் அணிந்த அந்தப் பாலகன் சுவரோரம் அமர்ந்து, மற்றவர்கள் இன்னும் எட்டுத் தடவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயசம் வந்தபோதும் அவன் முகம் தெளியவில்லை.

குற்றம் குழந்தையுடையதன்று, ஆட்டத்தினுடையது. ஓட்டமும் சாமர்த்தியமும் குறைந்த குழந்தைக்கே பழக்கம் அதிகம் வேண்டும். இந்த ஆட்டமோ அவனை முதலில் உட்கார்த்திவிட்டு, பழகியவனையே மேலும் ஓடச் செய்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட யோசனைகளில், 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிஷமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. சுவரோரம் உட்கார்ந்தவனுக்கு இது எப்படிக் கிட்டும்?

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். 'குலைகுலையா முந்திரிக்காய்' ஆட்டத்தில் எல்லோரும் வட்டமாய் உட்கார, ஒரு குழந்தை துணி முடிச்சுடன் சுற்றி வந்து, யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னே ஓசைப்படாமல் அதைப் போட்டுவிடும். அவர் துணியை எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். காலியான இடத்தில் ஓடியவர் உட்கார்ந்துவிட்டால், துரத்தியவர் அடுத்துச் சுற்ற வேண்டும். தோற்றவருக்குக் கிடைப்பது இன்னும் ஓர் ஓட்டம்! துணியால் அடிக்கும் வழக்கத்தை மட்டும் சிறு குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள், தொட்டால் போதும்.

'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தில் இரண்டு வரிசைகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் கோடு. இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் வந்து கைகோத்து இழுப்பார்கள். கோட்டைத் தாண்டி இழுக்கப்பட்டவர் வெளியேறுவதில்லை. வென்ற கட்சியில் சேர்ந்து அவர்களுக்காக இழுக்கிறார். 'கல்லா மண்ணா'விலும் அப்படியே. அகப்பட்டவர் அடுத்துப் பிடிப்பவர் ஆகிறார்.

நம்முடைய ஆட்டங்கள் எல்லாம் குறையற்றவை என்று நான் வாதிக்கவில்லை. 'கொக்குப் பற பற'வில், பறக்காத பிராணியின் பெயரைக் கேட்டுக் கையை உயர்த்தியவரை நீக்கிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அதை மாற்றுவது எளிது. பறவையின் பெயர் வந்தால் சிறகடித்துக் கூடத்தைச் சுற்றி ஓடவும், "எருமை" என்றால் சட்டென்று உட்காரவும் சொல்லுங்கள். தவறியவனே அடுத்துப் பெயர் சொல்லும் தலைவன். தவறுவதற்கே போட்டி ஏற்பட்டாலும் ஏற்படும்!

நாற்காலி ஆட்டந்தான் வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் செய்தால், நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டுத் தரையில் சாக்குக் கட்டியால் ஒன்பது வட்டங்கள் போடுங்கள். ஒரு வட்டம் மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பாட்டு நிற்கும்தோறும் ஒரு சிறு வட்டத்தை அழியுங்கள். குழந்தை எதையும் நீக்காதீர்கள். இடம் இல்லாதவரை மற்றவர்கள் தங்கள் வட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பத்துப் பேரும் ஒரே வட்டத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள்.

இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. ஆனால் சில ஜாக்கிரதைகள் வேண்டும். பலகாரத்துக்கு முன்பே ஓட்ட ஆட்டங்களை முடித்துவிடுங்கள். தரையில் ஈரம் இல்லாமல் பாருங்கள். ஓர் ஆட்டத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் நீட்டாமல், ஆசை தீருமுன் நிறுத்துங்கள். பரிசு உண்டென்றால் எல்லோருக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுங்கள்.

பாரதியார் தம் 'பாப்பாப் பாட்'டை விளையாட்டிலேயே தொடங்குகிறார். ஓடியாடச் சொன்ன கையோடு, கூடி ஆட வேண்டும், எந்தக் குழந்தையையும் ஏசலாகாது என்றும் சொல்லிவிடுகிறார். சேர்ந்து வாழ வேண்டிய தேசத்துக்கு முதற் பாடம் கூடத்திலேதானே நடக்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குழந்தைகளை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து, வட்டம் போட்டு ஆடச் செய்தேன். கடைசி வட்டத்தில், இரண்டு பெரிய பெண்களின் நடுவே, அந்த நான்கு வயதுப் பையன் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் புறப்படும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று:

"மாமி, நாளைக்கும் உண்டா?"