சாவியைத் தூக்கிப் போடுங்க பாஸ்!

உங்க வீட்ல புத்தகங்கள் எங்கே குடியிருக்கு? கட்டிலுக்கு அடியிலா, டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாலயா, பரண் மேல மூட்டையாவா? கொஞ்சம் வசதியான வீடுன்னா கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருக்கும். கப்பு, மெடல், பீங்கான் பொம்மை எல்லாம் முன்வரிசையில் நிக்கும். புத்தகங்கள் பின்னால மூச்சு முட்டிக்கிட்டு இருக்கும். சாவி மட்டும் அப்பாகிட்ட பத்திரமா இருக்கும்!

பூட்டி வெச்சா என்ன ஆகும்னு சிதம்பரத்துக்காரங்களைக் கேளுங்க. தேவார ஏடுகள் தில்லைக் கோயில்ல ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததாம். பாடின மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும்னு சொல்ல, ராஜராஜ சோழன் அந்த மூவர் சிலைகளையே கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வெச்சானாம். உள்ளே பார்த்தா கரையான் புற்று! மிஞ்சியது கொஞ்சம்தான்னு மரபுக் கதை சொல்லுது.

அதே சிதம்பரத்துல, 1928 டிசம்பர்ல, இதுக்கு நேர் எதிரான ஒரு விஷயம் நடந்துச்சு. மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு. (அந்தக் கல்லூரிதான் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆச்சு.) அங்கே பேச வந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கொள்ளிடம் தாண்டினா வர்ற சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாரா இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கான ஐந்து விதிகளை அவர் முதல்முதலா மேடையில் சொன்னது அங்கேதான். 1931-ல் புத்தகமா வந்து, இன்னிக்கு உலகம் பூரா லைப்ரரி சயின்ஸ் மாணவர்கள் படிக்கிறாங்க.

அந்த அஞ்சையும் நம்ம வீட்டு ஷெல்ஃபுக்கு இழுத்துட்டு வருவோமா?

ஒண்ணு: புத்தகம் புழங்கத்தான். ஐரோப்பாவுல ஒரு காலத்துல புத்தகத்தைச் சங்கிலி போட்டே கட்டி வெச்சிருந்தாங்க. நம்ம வீட்டு பூட்டும் அதே சங்கிலிதான். கதவு இல்லாத திறந்த ஷெல்ஃப் போதும். தூசி படியுமேன்னா, வாரம் ஒருதடவை துணியால தட்டுங்க.

ரெண்டு: வீட்ல எல்லாருக்கும் அதுல பங்கு உண்டு. கீழ்த் தட்டு தம்பி, தங்கச்சியோட படக் கதைகளுக்கு. கண்ணுக்கு நேரான தட்டு அடிக்கடி எடுக்கிறதுக்கு. தாத்தா குனியாம எடுக்கிற உயரத்துல அவரோட புத்தகம்.

மூணு: ஒவ்வொரு புத்தகமும் ஓர் ஆளுக்காகக் காத்திருக்கு. நீங்க முடிச்ச செமஸ்டர் புத்தகம் உங்களுக்குக் குப்பை. பரீட்சைக்குப் பத்து நாள் முன்னாடி, வாங்கக் காசில்லாம தவிக்கிற ஜூனியருக்கு அதுதான் பாஸ் மார்க். வருஷத்துக்கு ஒருதடவை ஷெல்ஃபைக் கலைச்சுப் பாருங்க. யாருக்குப் போகணுமோ கொடுத்துடுங்க. இரவல்னா ஒரு சின்ன நோட்டுல பேரும் தேதியும் எழுதி வெச்சுக்குங்க. நட்பும் தப்பிக்கும், புத்தகமும் தப்பிக்கும்!

நாலு: தேடுற நேரத்தை மிச்சப்படுத்து. அட்டைக் கலர் பார்த்து அடுக்கினா போட்டோவுக்கு நல்லா இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குத் தேடும்போது பச்சை அட்டையா நீல அட்டையான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாடம், கதை, கவிதை, போட்டித் தேர்வுன்னு பிரிங்க. முதுகுப் பக்கம் பேர் தெரியிற மாதிரி நிமிர்த்தி வைங்க. குண்டு அகராதியைப் படுக்க வைங்க.

அஞ்சு: நூலகம் வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால ஒவ்வொரு தட்டுலயும் கால் பங்கு காலியா விடுங்க. நெருக்கித் திணிச்சா, இழுக்கும்போது முதுகு அட்டை கிழியும்.

இனி ரங்கநாதன் லிஸ்ட்ல இல்லாத ஆறாவது. இது கடலூர்க்காரங்களுக்கு ஸ்பெஷல்! 2004 சுனாமி, 2011 டிசம்பர்ல தானே புயல், 2015 வெள்ளம்னு எல்லாத்தையும் பார்த்த ஊர் இது. வீட்டுக்குள்ள தண்ணி வந்தா முதல்ல நனையிறது கீழ்த் தட்டுதான். அதனால ஷெல்ஃபை நாலு செங்கல் மேல ஏத்துங்க. சர்டிபிகேட் ஃபைலும், திரும்பக் கிடைக்காத பழைய புத்தகங்களும் மேல் தட்டுல, பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்கட்டும். ஆனா மழை கொட்டுற நாள்ல மட்டும் கவர். எப்பவும் மூடியே வெச்சா உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கடற்கரைக் காத்துல எப்பவுமே ஈரம் அதிகம். சுவரை ஒட்டி வைக்காம ரெண்டு மூணு அங்குலம் தள்ளி வைங்க. காத்தும் போகும், கரையான் சுவர்ல மண் கோடு போட்டு ஏறினா கண்ணுலயும் படும். காய்ஞ்ச வேப்பிலை, துணியில் முடிஞ்ச வசம்பு வைக்கிறது பாட்டி வைத்தியம். வைங்க, தப்பில்லை. ஆனா அப்பப்போ எடுத்துப் புரட்டுற கைதான் பூச்சிக்குப் பெரிய எதிரி. நனைஞ்சு போச்சா? வெயில்ல போடாதீங்க, அட்டை வளைஞ்சிடும். விசிறி மாதிரி விரிச்சு, ஃபேன் காத்துல நிக்க வைங்க.

'ஷெல்ஃப் வாங்கக் காசு எங்கே?'ங்கிறீங்களா? பழக்கடையில் கிடைக்கிற மரப்பெட்டி ரெண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஷெல்ஃப் ரெடி.

முதல்ல என்ன வைக்கிறது? ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். மறுநாள் 24, மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனோட பிறந்தநாள். அதுக்கு மறுநாள் 25, திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனோடது. ரெண்டு பேருமே நம்ம கடலூர் மண்! கண்ணுக்கு நேரான தட்டுல இவங்களுக்கு இடம் போடுங்க. யாராவது வந்து, 'இதை எடுத்துட்டுப் போகட்டுமா?'ன்னு கேட்டா, நோட்டை எடுத்துப் பேர் எழுதிக்குங்க. உங்க ஷெல்ஃப் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்!