சிற்பியும் சர்க்காரும்

ராம்கிங்கர் பெய்ஜின் வாழ்நாள் வேலைகளைத் திரட்டி, புது டில்லித் தேசீய நவீனக் கலைக்கூடத்தில் 2012-ஆம் வருஷத்தில் ஒரு பெரிய காட்சி நடத்தினார்கள். சிற்பங்களும் வர்ணச் சித்திரங்களும் கோட்டுச் சித்திரங்களுமாக நூற்றுக்கணக்கானவை அதில் இடம் பெற்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து வரிசைப்படுத்தியவர், அவரிடம் பயின்ற சிற்பி ஸ்ரீ கே. எஸ். ராதாகிருஷ்ணன். ராம்கிங்கர் 1980-ல் காலமானார். 32 வருஷங்களுக்குப் பின் நடந்த அந்தக் காட்சியைப் பற்றி இன்று நாம் எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. கலைஞர்களை நம் தேசம் நடத்தும் முறையில் அது உணர்த்திய பாடத்தை நாம் இன்னும் கற்றபாடில்லை.

வங்காளத்துப் பாங்குராவில், க்ஷவரத் தொழிலை நம்பியிருந்த ஏழைக் குடும்பத்தில் 1906-ல் பிறந்தவர் ராம்கிங்கர். மண்பொம்மை செய்பவர்களின் கைகளைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்றார். ஒத்துழையாமை இயக்க நாட்களில் தேசத் தலைவர்களின் உருவங்களைத் தீட்டிக்கொண்டிருந்த அந்தப் பையனைக் கண்டெடுத்தவர் ‘மாடர்ன் ரிவ்யூ’ ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி. அவர் முயற்சியால் 1925-ல் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸிடம் மாணவரானார் ராம்கிங்கர். ஒரு பத்திராசிரியரின் கண் தேசத்துக்கு ஒரு மகா சிற்பியைத் தேடித் தந்தது என்பதில் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த நமக்குப் பெருமை உண்டு.

வெண்கலம் வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் அவர் கைகட்டி நிற்கவுமில்லை. இரும்புக் கம்பிகளைக் கட்டி நிறுத்தி, அவ்வூர்ச் செம்மண் பூமியின் சரளைக் கற்களைச் சிமெண்டோடு குழைத்து அப்பி உருவங்களை எழுப்பினார். 1938-ல் செய்த ‘ஸந்தால் குடும்பம்’ அவ்வாறு எழுந்ததுதான். தோளில் காவடி சுமந்து ஒருவன் நடக்கிறான், காவடிக் கூடையில் குழந்தை இருக்கிறது, கூடவே மனைவி, காலடியில் நாய். ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போகும் ஏழைகளைத் தேவர்களுக்கும் மன்னர்களுக்கும் உரிய அளவில் வெட்டவெளியில் நிறுத்தி வைத்தார். 1956-ல் செய்த ‘ஆலையின் அழைப்பு’ என்னும் சிற்பத்தில், சங்கொலி கேட்டு இரு பெண்கள் ஓடுகிறார்கள். உலர்ந்து முடியாத துணி அவர்களுக்குப் பின்னால் காற்றில் பறக்கிறது.

இவற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து எந்தக் கலைக்கூடத்திலும் வைக்க முடியாது. அப்படியானால் டில்லியில் நடந்த காட்சியால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். ஒரு சிற்பத்தைத் தனியே காண்பவன் ‘கை பெரிதாயிருக்கிறதே, முகத்தில் சாயல் இல்லையே’ என்கிறான். ஐம்பது வருஷ உழைப்பை வரிசையாகக் காண்பவனோ, அந்தக் கை ஏன் பெரிதாயிற்று என்பதை அறிந்துகொள்கிறான். ஜனங்களுக்குக் கண் திறப்பதே இத்தகைய காட்சிகளின் பயன்.

கண் திறவாததால் நேர்ந்தவை சில உண்டு. அரசாங்கக் கட்டிடங்களில் கலைஞர்களுக்கு வேலை தர வேண்டும் என்ற நேருவின் யோசனையை ஒட்டி, டில்லி ரிஸர்வ் பாங்கி வாயிலுக்கு யக்ஷன், யக்ஷி சிலைகளை அமைத்தார் ராம்கிங்கர். யக்ஷியின் ஆடையின்மை பற்றி ராஜ்ய சபையில் கேள்வி எழுந்தது. நமது புராதனக் கோயில் தூண்களைக் கேள்வி கேட்டவர் பார்த்ததில்லை போலும்! ஹங்கேரி தேசத்தில் பாலடன் ஏரிக்கரையில் வைத்திருந்த, அவர் செய்த தாகூர் சிலைக்குச் சாயல் இல்லை என்ற குறை சொல்லப்பட்டது. பின்னர் அது கட்டிடத்துக்குள் போயிற்று. வெளியில் வேறு சிலை வந்தது. 2017-ல் கௌஹாத்தி ஸரணியா குன்றிலுள்ள மகாத்மாவின் சிலை அங்கலக்ஷணம் பிசகியிருப்பதாகச் சொல்லி, அதை அகற்ற அதிகாரிகள் முனைந்தார்கள். அது ராம்கிங்கரின் கைவண்ணம் என்று கலைஞர்கள் ஆட்சேபிக்க வேண்டியிருந்தது.

ஒரு சிலை பிடிக்கவில்லை என்று சொல்ல ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. பெரிய பெயருக்காக எதையும் மெச்ச வேண்டும் என்பதும் நமது கக்ஷியல்ல. ஆனால் பிடிக்கவில்லை என்பது வேறு, பெயர்த்தெறிவது வேறு. பொதுச் சொத்தான ஒரு சிற்பத்தை, செய்தவர் யார், எதற்காக அப்படிச் செய்தார் என்று விசாரியாமல் தீர்த்துக்கட்டுவது நியாயமாகாது. எந்த நியாயஸ்தலத்திலும் பிரதிவாதியின் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வதில்லை. மாண்டுபோன சிற்பிக்கு அவன் வாழ்நாள் வேலையே வாக்குமூலம்.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை சில உண்டு. இத்தகைய காட்சிகள் கலைஞர் உயிரோடிருக்கையிலேயே நடைபெற வேண்டும். தலைநகரோடு நில்லாமல் ஜில்லா நகரங்களுக்கும் அவை போக வேண்டும். விளக்கங்கள் அந்தந்தப் பிரதேசத்து பாஷையில் இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் சிமெண்டுச் சிற்பங்களைப் பழுது பார்க்க நிரந்தரமான ஏற்பாடு அவசியம். சாந்திநிகேதனம் 2023-ல் உலக பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. பட்டியலில் இடம் பெற்றதோடு கடமை தீர்ந்துவிடாது.

இன்னொன்று, அதிகச் செலவில்லாதது. நம் தேசத்தில் சிலையைத் திறந்து வைத்த மந்திரியின் பெயர் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். செய்தவன் பெயரைத் தேடினாலும் காண்பது அரிது. ஒவ்வொரு பொதுச் சிலையின் அடியிலும் சிற்பியின் பெயரையும் செய்த வருஷத்தையும் பொறிக்கட்டும். பெயர் தெரிந்தால் விசாரிக்கத் தோன்றும். விசாரித்தால் கடப்பாறையை எடுக்குமுன் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கமாவது நம் சிற்பிகளுக்குக் கிட்ட வேண்டாமா?