கடல் கிட்ட, வழி எட்ட!

சென்னைவாசிகளான சகோதரிகளை ஒரு கேள்வி கேட்கிறேன். கோபித்துக் கொள்ளக் கூடாது. நீங்கள் கடைசியாக மெரினாவில் கால் நனைத்தது எப்போது? வெளியூரிலிருந்து வந்த நாத்தனாருக்கு ஊர் சுற்றிக் காட்டிய தினம் கணக்கில் சேராது. நீங்களாக, உங்கள் ஆசைக்காக, ஒரு சாயங்காலம் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தது எப்போது?

யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், பார்த்தீர்களா! என் பெரியம்மாவும் இப்படித்தான் யோசித்தாள். யோசித்துவிட்டு, "பதினோரு வருஷம் இருக்கும் கண்ணு" என்றாள்.

பெரியம்மாவுக்கு வயது 72. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். பாவாடை கட்டிய நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் பையை மூலையில் எறிந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடியவள். கல்யாணமாகிக் கொளத்தூருக்குக் குடிபோனாள். அதோடு கடல் என்பது பழங்கதையாகிவிட்டது. "ஆட்டோக்காரர் கேக்கிற காசுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கிடலாமே!" என்பது அவள் கணக்கு.

"பஸ்ஸிலே போகலாம், வாங்க பெரியம்மா. நமக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு கிடையாதே!" என்று சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் தொடங்கியது அல்லவா? அதைச் செய்தவர்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நேரம் என்று ஒன்று இருக்கிறதே!

மூன்று மணிக்குக் கிளம்பினோம். இலவச பஸ்ஸுக்கு ஒரு காத்திருப்பு, நடுவில் மாறுவதற்கு இன்னொரு காத்திருப்பு. காமராஜர் சாலையில் இறங்கும்போது ஐந்தேகால்.

இறங்கியது கடலோரச் சாலையில்தான். ஆனால் கடல் எங்கே? பெரிய மணல்வெளி அல்லவா குறுக்கே கிடக்கிறது! இது ஆதியில் இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய சுவர் மணலைத் தடுக்க, தெற்குப் பக்கம் வருஷத்துக்கு வருஷம் மணல் மேடிட்டு, அலை விலகிப் போயிற்று. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை இங்கே உலாவும் பாதை போட்டு, சிசிலித் தீவின் ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு சேர்ந்த மணல்தான் எத்தனை! இன்றைக்குச் சாலைக்கும் அலைக்கும் நடுவே சுமார் 300 மீட்டர். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது மூன்று மைல்.

நல்லவேளை, 2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல் மேல் ஒரு மரப் பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது, பிறகு செப்பனிட்டார்கள். பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில்தான் நடந்தாள். (நடுவழியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வாலிபர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் புண்ணியமாகப் போகும்.) பாதை முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு நின்றாள். அலை வந்து காலைத் தொட்டது. ஒன்றும் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். "போலாம் கண்ணு, பஸ் போயிடும்" என்றாள்.

திரும்பும்போதுதான் வந்தது சோதனை. வடக்கே போகும் பஸ்ஸுக்குச் சாலையின் மறுபக்கம் போக வேண்டும். ஞாயிறு மாலை அந்த அகலமான சாலையைக் கடப்பது எங்களைப் பொறுத்தவரை ஒரு வீரச் செயல்! கடந்து போய் நின்ற இடத்தில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. ஐம்பது நிமிஷம் நின்றோம். வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து. இருபது நிமிஷக் கடலுக்கு ஏழு மணி நேரம்!

"ரயில் இருக்கிறதே, அம்மா!" என்பீர்கள். இருக்கிறது. பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலாப்பூர் வரையும் வந்தது. 'கலங்கரை விளக்கம்' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனால் அந்த ரயில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் போகிறதே தவிர, கடலை ஒட்டிப் போகவில்லை. உயரத்திலிருந்து படியிறங்கித் தெருக்களைத் தாண்டி நடந்தால்தான் மணல் கண்ணில் படும். பெயரை நம்பி இறங்கும் பாட்டிமார் பாடு திண்டாட்டம்தான்.

பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் பாதையும் திட்டமிட்டிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் நான் சொன்ன மரப் பாதை கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயில் ஒரு மூலையில், மரப் பாதை இன்னொரு மூலையில். நடுவே பெரியம்மாவை யார் கொண்டு விடுவது?

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. 2013 முதல் சென்னையில் சிற்றுந்துகள் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி ஒரு குட்டி பஸ்ஸை, சனி ஞாயிறு மாலை மட்டுமாவது, திருவல்லிக்கேணி ஸ்டேஷனிலிருந்து மரப் பாதை வழியாகக் கலங்கரை விளக்கம் வரை போகவர விடக் கூடாதா? மரப் பாதை வாசலிலேயே ஒரு நிறுத்தம், அதில் ஒரு பெஞ்சு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பலகை. இந்தப் பலகை ரொம்ப முக்கியம், சகோதரிகளே. பஸ் போய்விடுமோ என்ற பயத்தில்தானே நாம் பாதிக் கடலோடு எழுந்து வந்துவிடுகிறோம்?

உங்கள் பேட்டையிலிருந்து கடற்கரைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், போகவர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து உரியவர்களிடம் கொண்டு போய்க் கொடுப்பது என் பொறுப்பு.

பெரியம்மா நேற்று டெலிபோனில் கூப்பிட்டாள். "கண்ணு, பௌர்ணமி அன்னைக்கு நிலா கடல்லேருந்து எழும்புமே, சின்ன வயசிலே பாத்தது. அடுத்த பௌர்ணமிக்குப் போலாமா?" என்றாள்.

இன்னும் பதில் சொல்லவில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.