கணக்கில் ஏ எடுத்த பிள்ளை

சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுவாரம். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் அலுவலக வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். அரைப்பேரோடு மலையிலிருந்து நேரே வந்தவர். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. மகளின் பெறுபேற்றுத் தாளை மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“புள்ள கணக்குல ஏ எடுத்திருக்கு சேர். எதுல போட்டா கெம்பஸ் கெடைக்கும்?”

ஆசிரியர் தாளை இரண்டு தரம் பார்த்தார். “நம்ம ஸ்கூல்ல ஆர்ட்ஸ் மட்டுந்தாம்மா இருக்கு.”

அவர்மேல் குற்றமில்லை. இல்லாத வகுப்பை அவர் எங்கிருந்து கொடுப்பார்? ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு பிள்ளையின் பாடத்தெரிவு முடிந்துபோகிறது. உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்பதைக் கொழும்பில் பிள்ளையின் விருப்பமும் புள்ளியும் தீர்மானிக்கின்றன. நம் தோட்டப்புறங்களில் பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதுதான்.

இதே நோட்டன் பக்கத்து மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1950இல் லக்சபான மின்நிலையத்தின் மின்சாரம் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெயரைத் தாங்கிய மின்நிலையம் நோட்டன் பிரிட்ஜில் காசல்ரி தண்ணீரில் இன்றும் ஓடுகிறது. அதன் சுழலி எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பௌதிகவியலாகத் தமிழில் படிக்க, அதற்கு மேலே லயத்தில் பிறந்த பிள்ளை அட்டனுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பின்னேர டியூசனுக்கு நின்றால் வீடு திரும்ப இருட்டிவிடும். பெண் பிள்ளை என்றால் அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஆசிரியர் பற்றாக்குறையோடு தவறான நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன. “லேசான பாடம் எடு, ஏ வரும், கெம்பஸ் போகலாம்” என்பது லயத்துக்கு லயம் கேட்கும் பேச்சு. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத் தெரிவு வெறும் புள்ளியில் நடப்பதில்லை, இசட் புள்ளியில் நடக்கிறது: சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் மேலே என்பதே அந்தப் புள்ளி. ஒரு பாடத்தில் பரீட்சை எழுதியவர்களின் சராசரி 60, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1. இன்னொரு கடினமான பாடத்தில் சராசரி 40, விலகல் 10. அதில் 60 எடுத்தவருக்கு 2. எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தில் நாமும் நன்றாகச் செய்வதால் பெரிய லாபமில்லை. மூன்று பாடங்களின் இசட் புள்ளிச் சராசரிதான் கடைசியில் அனுமதிக்கான வெட்டுப்புள்ளியோடு மோதுகிறது. ஆகவே எது லேசு என்று தேடுவதைவிட, எதில் இந்தப் பிள்ளை மற்றவர்களை முந்தும் என்று பார்ப்பதே நல்லது.

எல்லோரும் விஞ்ஞானம் படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. விருப்பமில்லாத பிள்ளையை உயிரியலில் தள்ளி இரண்டு வருடத்தை வீணாக்குவதும் கொடுமையே. கலைப் பிரிவை விரும்பி எடுத்து உயர்ந்த ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் மலையகத்தில் பலர் உண்டு. விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் எடுப்பது வேறு. நான் உயர்தரம் சேர்ந்த காலத்தில் மூன்றல்ல, நான்கு பாடங்கள். நான்காவதாக எதை எழுதுவது என்று கேட்டபோது, நேரசூசியில் எந்த வகுப்புக்கு ஆள் இருக்கிறதோ அதையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்தப் பாடத்துக்குப் பதிலாக நான் படித்திருக்கக்கூடியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நம் மாவட்டத்துக்குச் சலுகை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பெரும்பாலான பட்டக் கற்கைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாகவே நிற்கிறது. ஆனால் உயிரியலோ இணைந்த கணிதமோ எடுக்காத பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு அகலத் திறந்திருந்தால் என்ன? சலுகையின் பயன் பதினாறு வயதில் உயர்தரத்துக்கு நிரப்பும் அந்த ஒரு விண்ணப்பத்தில் தொடங்குகிறது.

எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் தமிழிலும் கைநூலாக வெளியிடுகிறது. நம் பிள்ளைகள் அதைக் கையில் எடுப்பது உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு. அப்போது பாடத்தை மாற்ற முடியாது. கடந்த ஆண்டுக் கைநூல் ஒன்றைச் சாதாரண தர வகுப்பிலேயே வாசிக்கக் கொடுத்தால் செலவு ஒன்றுமில்லை. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியவரும்.

அந்தத் தாய் போகும்போது இன்னொன்று கேட்டார்: “அட்டன்ல தங்கிப் படிக்க எடம் இருக்கா சேர்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் ஆசிரியருக்கு மேலே இருக்கிறார்கள். நோட்டன், மஸ்கெலியா பிள்ளைகள் தங்கிப் படிக்க அட்டனில் ஒரு விடுதி வேண்டும், முதலில் பெண் பிள்ளைகளுக்கு. எந்தப் பாடசாலையில் எந்த உயர்தரப் பிரிவு தமிழ்மொழியில் நடக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்மையில் இருக்கிறார் என்ற பட்டியலை, அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வருமுன் கல்வி அதிகாரிகள் வெளியிட வேண்டும். பாடசாலைச் சுவரில் மட்டும் போதாது. தாய்மார் கொழுந்து நிறுக்க நிற்கும் மடுவத்திலும் அதை ஒட்ட வேண்டும்.