டில்லியின் தம்பட்டமும் கண்மாய்க் கூலியும்



2023 செப்டம்பரில் டில்லி ஜி-20 மாநாட்டில், ஆதாரும் யு.பி.ஐ.யும் உலகத்துக்கே வழிகாட்டி என்று மோடி சர்க்கார் தம்பட்டம் அடித்தது. 2024 பிப்ரவரி 12-ல் இலங்கையிலும் மொரீஷியசிலும் யு.பி.ஐ.யைத் துவக்கி மார்தட்டியது.

நாட்டுக்குள் நடந்ததென்ன? 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டு தடவை செல்போனில் படம் ஏறினால்தான் ஆஜர். படம் ஏறாவிட்டால் வெட்டிய மண்ணுக்குக் கணக்கில்லை! 2024 ஜனவரி முதல் ஆதார் இணைக்காதவருக்குக் கூலியில்லை என்றார்கள். 15 நாளில் கூலி என்ற சட்டம் காற்றில் பறந்தது.

கொழும்புக் கடையில் இந்திய உல்லாசப் பிரயாணி நொடியில் பணம் கட்டலாம்; நத்தத்தில் மண் சுமந்தவள் கூலிக்காகப் பாங்கு வாசலில் நிற்கவேண்டுமாம்! இதற்குப் பெயர் ராஜதந்திரமா?

யந்திரத்தோடு நமக்குச் சண்டையில்லை. அதைக் கையில் வைத்திருக்கும் வர்க்கத்தோடுதான் சண்டை. ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! உழைத்த கூலிக்கு ஒன்றுபட்டு எழுவோம்!