மிசூலா ஏரியும் மெய்காணும் நெறியும்

வட அமெரிக்காவில், மான்டானா மாகாணத்து மிசூலா நகரை அடுத்த மலைச்சரிவுகளில், படிப்படியாக அமைந்த கிடைக்கோடுகள் பல காணப்படுகின்றன. அவை மறைந்துபோன ஏரியொன்றின் கரைத்தடங்களாம். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் இறுதியில், வடக்கினின்று நகர்ந்துவந்த பெரும் பனிப்பாளம் கிளார்க் போர்க் ஆற்றை அணைபோல் மறித்தது. தேங்கிய நீர் சுமார் 2,000 அடி ஆழமும் 500 கனமைல் கொள்ளளவும் உடைய ஏரியாயிற்று. நீர் உயரவே பனியணை நிலைகுலைந்து உடைந்தது. சில நாட்களுள் ஏரி வெறுமையாயிற்று. பனி மீண்டும் வழியை அடைத்தது. அணை மீண்டும் உடைந்தது. இங்ஙனம் பன்முறை நிகழ்ந்ததென்பது இக்காலத்து நிலநூலார் துணிபு.

அவ்வெள்ளம் வாஷிங்டன் மாகாணத்தின் கீழ்ப்பகுதியில் மண்ணை வாரி, கரும்பாறையைக் குடைந்து, கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் சமுத்திரத்தை அடைந்தது. 400 அடி உயரமும் மூன்றரை மைல் அகலமும் உள்ள நீரற்ற அருவியொன்று அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது.

சிகாகோ சர்வகலாசாலை ஆசிரியர் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் அந்நிலத்தை நேரிற் சென்று ஆராய்ந்து, இது பெருவெள்ளத்தின் செயலே என 1923-ஆம் ஆண்டில் எழுதினார். 1927-இல் அந்நாட்டின் தலைநகரிற் கூடிய அவையில் நிலநூலார் பலர் அவரை மறுத்தனர். இத்துணை நீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வினவியது நியாயமே. ஆயின் வேறொரு தடையும் இருந்தது. நிலத்தின் மாறுதல்கள் சிறுகச் சிறுகவே நிகழும் என்பது அக்காலத்து நிலநூலார் கொள்கை. திடீர் வெள்ளம் என்ற பேச்சு நோவா காலத்து ஜலப்பிரளயத்தை நினைவூட்டியமையால், அதனை ஐயத்துடன் நோக்கினர்.

1910-இலேயே மிசூலா ஏரியைப்பற்றி எழுதியிருந்த ஜே. டி. பார்டி, அவ்வேரியின் அடித்தரையிற் கண்டவற்றை 1940-இல் அறிவித்தார். ஆற்றுமணலில் நாம் காணும் அலைவரிகளை ஒத்த பரற்கல் வரம்புகள் அங்கே இருந்தன. அவற்றுட் சில இருபது அடிக்கு மேல் உயர்ந்தவை. விரைந்தோடிய பெருநீரன்றி வேறெதுவும் அவற்றை ஆக்கியிருத்தல் இயலாது. 1979-இல், தொண்ணூறு கடந்த முதியவரான பிரெட்ஸுக்கு, அமெரிக்க நிலநூற் சங்கம் பென்ரோஸ் பதக்கம் வழங்கிற்று.

இனி, நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. வேதாகமத்தைப் போற்றும் நம்மவருட் சிலர், இவ்வெள்ளத்தை நோவாவின் வெள்ளத்திற்கு அத்தாட்சியென எடுத்துக்காட்ட விழையக்கூடும். அது தகாது. இஃது ஒரு நிலப்பகுதியிற் பன்முறை பாய்ந்த வெள்ளம். வேதாகமம் கூறுவது வேறு. வேதத்தை நினைவூட்டியதென்று மறுப்பதும், வேதத்தை நினைவூட்டுகின்றதென்று ஏற்பதும் ஒரே பிழையின் இருபுறங்களாம். இரண்டும் சான்றை நோக்குமுன் தீர்ப்பெழுதுவன.

சிறுகச் சிறுக நிகழும் மாறுதல் பொய்யென்று கொள்ளற்க. பெரும்பாலான ஆறுகள் அவ்வாறே பள்ளத்தாக்குகளை அகழ்கின்றன. பொதுவிதியைக் காட்டி விலக்கினை இல்லையென்றல் மட்டுமே குற்றம். தமிழ் கற்கும் எமக்கு, உரை மூலத்தோடு முரணின் உரையையே ஐயுறுக என்பர் ஆசிரியர். நிலநூலார்க்கு நிலமே மூலம். கொள்கை அதற்கு எழுதிய உரை. இரண்டும் மாறுபடுமிடத்துத் திருத்தத்தக்கது யாதென்பதை மிசூலாவின் கரைத்தடங்கள் உணர்த்துகின்றன.