நாற்பது சலான், ரெண்டு நொடி!

போன வாரம் கணபதியில் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மச்சானுக்கு லேத் பட்டறை. அவருடைய டெலிவரி சலான் புத்தகத்தில், ஏழாவது படிக்கும் என் மருமகன் 40 பக்கத்துக்கு மூலையில் பொம்மை வரைந்து வைத்திருக்கிறான்.

"ஏனுங் மாப்ளே, நீங்களே சொல்லுங்க. இனி இந்த சலானை எந்தக் கஸ்டமருக்குக் கிழிச்சுக் குடுக்கறது? இவனுக்குக் கார்ட்டூன் படிக்கோணுமாமா! பொம்மை போட்டா சோறு கெடைக்குமா?"

நான் பி.காம். என்பதால் குடும்பத்தில் எந்த லாப நஷ்டக் கேள்வியும் என்னிடம்தான் வரும். (என்னுடைய லாப நஷ்டத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை!) நானும் கணக்காகவே ஆரம்பித்தேன்.

ராம் மோகன் என்று ஒருவர். 1931-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் வாங்கியவர், 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து தொழில் கற்றுக்கொடுத்தார். 1968-ல் அந்த வேலையை விட்டார்.

"கவர்மென்ட் வேலையையா?" மச்சான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

1972-ல் சொந்த ஸ்டூடியோ. சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் வரும் கார்ட்டூன் பகுதி அவர் செய்ததுதான். யுனிசெஃப்புக்காக 'மீனா'வுக்கு உருவம் கொடுத்தார். பள்ளிக்கூடம் அனுப்பப்படாத கிராமத்துப் பெண் மீனா. அவளுடைய கிளி வகுப்புக்குப் போய்க் கேட்டு வந்து அவளுக்கு எண் சொல்லிக்கொடுக்கும். அந்தக் கணக்கை வைத்து வீட்டில் ஒரு கோழி குறைவதைக் கண்டுபிடிப்பாள். பெண் பிள்ளையைப் படிக்க வைக்க எத்தனை பேர் எத்தனை மேடையில் பேசியிருப்பார்கள்? ஒரு கோழி பேசிய அளவுக்கு எடுபட்டிருக்குமா!

அப்புறம் 1992-ல் ராமாயணம். ஜப்பானின் யுகோ சாகோ, கோயிச்சி சசாகியோடு சேர்ந்து இயக்கியது. படம் 135 நிமிஷம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 1,94,400. ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு வைத்து ஒப்பேற்றினாலும் 97,200 படம் வேண்டும். இத்தனையும் கையால்! அப்போது இங்கே அதைத் தியேட்டரில் பார்த்தவர்களைவிட டிவியில் பார்த்தவர்கள்தான் அதிகம். 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. மருமகனோடு போனேன். பாப்கார்னைக்கூட மறந்துவிட்டுப் பார்த்தான். ராம் மோகன்தான் பார்க்கவில்லை. 2019 அக்டோபரிலேயே போய்விட்டார்.

"பட்டம், பரிசு ஏதும் குடுத்தாங்களா?"

"2014-ல் பத்மஸ்ரீ."

மச்சான் விரல் விட்டு எண்ணினார். "அம்பத்தாறுல சேர்ந்து... 58 வருசம்! நடுவுல மூணு வேளை சோத்துக்கு?"

நியாயமான கேள்வி. அதற்கு என் பி.காமில் பதில் இல்லை. இந்தத் தொழிலில் உத்தரவாதம் கிடையாது, பொறுமைதான் முதலீடு என்று உண்மையைச் சொன்னேன். "ஆனா மச்சான், நீங்க பட்டறை போட்டப்ப உத்தரவாதம் யாரு குடுத்தாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பினால், ஆபீஸ் ரூமில் மச்சான் தனியாக நின்றுகொண்டிருந்தார். சலான் புத்தக மூலையைக் கட்டை விரலால் சர்ரென்று விட்டுப் பார்க்கிறார். மறுபடி ஒரு தரம். மறுபடியும் ஒரு தரம். எட்டிப் பார்த்தேன். பையன் வரைந்திருந்தது பொம்மையே இல்லை. லேத் ஓடுகிறது. இரும்புச் சீவல் சுருண்டு சுருண்டு விழுகிறது. பக்கத்தில் குனிந்தபடி ஒரு ஆள். வழுக்கையைப் பார்த்தாலே யாரென்று தெரிந்தது.

40 பக்கம். என் கணக்குப்படி ரெண்டு நொடிகூடத் தேறாது.

என்னைப் பார்த்ததும் மச்சான் புத்தகத்தை மூடினார். "சீவல் விழறதைக் கரெக்டாப் போட்டிருக்கானுங்..." என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

மறுநாள் அக்கா போன் பண்ணினாள். பட்டறைக்குப் புது சலான் புத்தகம் வந்துவிட்டதாம். பழையதை மச்சான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.